குடியேறி வந்த நீதிபதி: ஃபெலிக்ஸ் ஃபிராங்ஃபர்ட்டரும் நன்றிக்கடனும்



வேறொரு நாட்டில் பிறந்து குடியேறி வந்த ஒருவர் நீதிபதியாகும்போது இரண்டு விதமான பேச்சு எழும். வரவேற்பவர்கள், பட்டவருக்குத்தான் பட்டவர் வலி தெரியும், இனி எளியவருக்கும் வெளியாளுக்கும் நீதி கிடைக்கும் என்பார்கள். எதிர்ப்பவர்கள், இவர் தம்மைப் போன்றவர்கள் பக்கம் சாய்ந்துவிடுவார், நாட்டின் மீது இவருக்கு முழுப் பற்று இருக்காது என்பார்கள். கேட்க எதிரெதிராக இருந்தாலும் இரண்டுக்கும் அடித்தளம் ஒன்றே. குடியேறிய அனுபவம் ஒருவரை வெளியாளின் பக்கம் கொண்டுபோய் நிறுத்தும் என்று இருவருமே நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை எந்த அளவுக்குத் தாங்கும் என்பதை ஒரு மனிதரின் வாழ்க்கையை வைத்துப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். 1939 முதல் 1962 வரை அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்த ஃபெலிக்ஸ் ஃபிராங்ஃபர்ட்டரின் வாழ்க்கை அது. அவருக்குக் குடியேற்றம் தந்த முதற்பொருள் இரக்கம் என்று நான் கருதவில்லை. தம்மை ஆளாக்கிய பள்ளி, கொடி, குடியுரிமை ஆகியவற்றின் மீது கரைகாணாத நன்றியைத்தான் அது தந்தது. அவருடைய மிகச் சிறந்த தீர்ப்புகளுக்கும் மிகப் பிழையான தீர்ப்புகளுக்கும் அந்த நன்றியே ஊற்று என்பதுதான் இன்று நான் நிறுவ முயலும் கருத்து.

ஃபிராங்ஃபர்ட்டர் 1882 நவம்பரில் வியன்னாவில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை முதலில் அமெரிக்கா போய்ச் சேர, குடும்பம் 1894இல் பின்தொடர்ந்தது. நியூயார்க்கின் லோயர் ஈஸ்ட் சைடில், குடியேறிகள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதியில் அவர்கள் குடித்தனம் தொடங்கினார்கள். தந்தை துணி விற்றுப் பிழைத்தார். 11 வயதுச் சிறுவனுக்கு ஆங்கிலத்தில் ஒரு சொல்கூடத் தெரியாது. அவனைச் சேர்த்த அரசுப் பள்ளியில் மிஸ் ஹோகன் என்ற ஆசிரியை இருந்தார். இந்தப் பையனிடம் யாராவது ஜெர்மனில் பேசினால் அடிதான் விழும் என்று வகுப்பிலிருந்த மற்றப் பிள்ளைகளை அவர் மிரட்டி வைத்தார். வேறு வழியில்லாமல் பையன் ஆங்கிலம் கற்றான். எட்டே ஆண்டில், 1902இல், கட்டணமில்லாத நியூயார்க் சிட்டி கல்லூரியில் பட்டம் பெற்றான். 1906இல் ஹார்வர்டு சட்டப் பள்ளியில் முதல் மாணவனாகத் தேறினான். மிஸ் ஹோகனை ஃபிராங்ஃபர்ட்டர் முதுமையில் நினைவுகூர்ந்தது முழுக்க முழுக்க நன்றியோடுதான். தாய்மொழியில் பேச விடாமல் தடுத்தவர் என்ற குறை அவர் பேச்சில் எங்கும் இல்லை. இதை நாம் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். பள்ளிக்கூடம் ஒரு பிள்ளையின் மேல் செலுத்தும் வற்புறுத்தல் அவர் வாழ்க்கையில் வரமாகவே அமைந்தது.

இப்படிச் சொல்வதால் அவர் தம் அடையாளத்தைக் கழற்றி எறிந்தவர் என்று யாரும் நினைக்க வேண்டாம். நியூயார்க்கில் வழக்கறிஞராகச் சேர்ந்த புதிதில், பெயரை மாற்றிக்கொண்டால் முன்னேற வசதியாக இருக்கும் என்று ஒரு மூத்தவர் அறிவுரை சொன்னார். அவர் மாற்றிக்கொள்ளவில்லை. ஹார்வர்டு பேராசிரியராக இருந்த காலத்தில் நாட்டின் மனச்சாட்சியாகவே நின்றார். 1920இல் அமெரிக்கக் குடியுரிமைகள் சங்கம் உருவானபோது அதற்குத் துணைநின்றவர்களில் அவரும் ஒருவர். சாக்கோ, வன்செட்டி என்ற இரண்டு இத்தாலியக் குடியேறிகளுக்குக் கொலை வழக்கில் மரண தண்டனை விதிக்கப்பட்டபோது, விசாரணையின் ஓட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டி 1927இல் அட்லாண்டிக் மன்த்லி இதழில் எழுதினார். பாஸ்டன் நகரின் பெரிய மனிதர்கள் பலர் அதற்காக அவரை வெறுத்தார்கள். அந்த இருவரும் அதே ஆண்டு ஆகஸ்டில் மின்நாற்காலியில் கொல்லப்பட்டார்கள். ஆனால் அந்தக் கட்டுரை நின்றது. ஆக, 1939 ஜனவரியில் அதிபர் ரூஸ்வெல்ட் அவரை உச்ச நீதிமன்றத்துக்கு நியமித்தபோது எதிர்பார்ப்பும் அச்சமும் உச்சத்தில் இருந்ததில் வியப்பில்லை. செனட் குழுவின் முன் சாட்சி சொல்ல வந்த சிலர் அவர் வெளிநாட்டில் பிறந்ததையும் யூதராக இருப்பதையும் குற்றமாகவே அடுக்கினார்கள். அவர் நேரில் வந்து, வெளிப்படையான விசாரணையில் கேள்விகளுக்குப் பதில் சொன்னார். செனட் எதிர்ப்பின்றி ஒப்புதல் தந்தது.

பதினேழே மாதத்தில் சோதனை வந்தது. பென்சில்வேனியாவில் மைனர்ஸ்வில் என்ற சுரங்க ஊர். அங்கே 12 வயதுச் சிறுமியையும் அவளுடைய 10 வயதுத் தம்பியையும் பள்ளியிலிருந்து நீக்கியிருந்தார்கள். யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பம் அது. கொடிக்கு வணக்கம் செலுத்துவது உருவ வழிபாடு என்று அவர்கள் நம்பினார்கள், மறுத்தார்கள். அன்றைய அமெரிக்கப் பள்ளிகளில் கொடி வணக்கம் எப்படி இருந்தது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். இன்று நெஞ்சில் கை வைக்கிறார்களே, அப்படி இல்லை. வலக்கையைக் கொடியை நோக்கி நேராக நீட்டி உறுதிமொழி சொல்ல வேண்டும். பார்வைக்கு நாஜி வணக்கத்திலிருந்து பிரித்தறிய முடியாத அந்த முறையை நாடாளுமன்றம் 1942 டிசம்பரில்தான் மாற்றியது. ஹிட்லருக்குக் கை நீட்ட மறுத்ததற்காக ஜெர்மனியில் அதே பிரிவினர் முகாம்களில் அடைபட்டிருந்த காலம் அது. இரண்டு ஆண்டுக்கு முன்புதான் வியன்னாவில் ஃபிராங்ஃபர்ட்டரின் சிற்றப்பா, வயதான நூலகர், நாஜிகளால் கைது செய்யப்பட்டு விடுவிக்கப்பட்டிருந்தார். இவ்வளவும் தெரிந்த மனிதர்தான் 1940 ஜூன் 3ஆம் நாள் எட்டு நீதிபதிகளின் சார்பில், அந்தப் பிள்ளைகளின் வழக்கான கோபிட்டிஸ் வழக்கின் தீர்ப்பை எழுதினார். தேச ஒற்றுமையே தேசப் பாதுகாப்புக்கு அடிப்படை, அந்த உணர்வைப் பிள்ளைகளிடம் வளர்க்கப் பள்ளி எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் நீதிமன்றம் குறுக்கிடலாகாது என்பது அதன் சாரம். நீதிபதி ஸ்டோன் ஒருவர் மட்டும் மாறுபட்டார்.

தீர்ப்பு வெளியான சில நாட்களில் மெய்ன் மாநிலத்தின் கென்னபங்க் ஊரில் அந்தப் பிரிவினரின் கூடத்துக்கு ஒரு கும்பல் தீ வைத்தது. நாடெங்கும் அவர்கள் மீது தாக்குதல் பரவியது. அந்தக் கொடுமைகளைப் பட்டியலிட்டு அரசிடம் முறையிட்டது ஃபிராங்ஃபர்ட்டர் தோற்றுவிக்கத் துணைநின்ற அதே குடியுரிமைகள் சங்கம். 1942இல் பிளாக், டக்ளஸ், மர்ஃபி ஆகிய மூன்று நீதிபதிகள் தாங்கள் தவறு செய்துவிட்டோம் என்று வேறொரு வழக்கில் வெளிப்படையாகவே எழுதினார்கள். 1943 ஜூன் 14இல், அதே கொடி வணக்கம் பற்றிய பார்னெட் வழக்கில் நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் பழைய தீர்ப்பைக் கவிழ்த்தது. அந்தப் புகழ்பெற்ற தீர்ப்பை எழுதிய ராபர்ட் ஜாக்சன் பென்சில்வேனியாவில் ஒரு பண்ணையில் பிறந்து, நியூயார்க்கின் சிற்றூர்ச் சூழலில் வளர்ந்து, அங்கேயே தொழில் நடத்திய வழக்கறிஞர். தலைமுறைகளாக மண்ணில் வேரூன்றியவர் வெளியாளின் மனச்சாட்சியைக் காத்தார். குடியேறி வந்தவர் அரசின் வற்புறுத்தலைக் காத்தார். ஃபிராங்ஃபர்ட்டர் தம் மாறுபட்ட தீர்ப்பை, வரலாற்றிலேயே மிக அதிகமாக இழிவுக்கும் துன்பத்துக்கும் ஆளான சிறுபான்மையைச் சேர்ந்தவன் நான், ஆகவே உரிமைகளின் அருமை எனக்குத் தெரியாமலில்லை என்ற பொருள்படத் தொடங்கினார். ஆனால் நீதிபதியாக என் உணர்வு எதுவும் கணக்கில் வராது என்று தொடர்ந்தார்.

உண்மையில் அவர் உணர்வு கணக்கில் வராமல் இருந்ததா? பார்னெட் தீர்ப்புக்குச் சரியாக ஒரு வாரம் கழித்து, 1943 ஜூன் 21இல், இரண்டு தீர்ப்புகள் ஒரே நாளில் வந்தன. ஒன்று, ஷ்னைடர்மன் வழக்கு. ரஷ்யாவில் பிறந்து குழந்தையாக அமெரிக்கா வந்து 1927இல் குடியுரிமை பெற்றவர் ஷ்னைடர்மன். அவர் கம்யூனிஸ்ட் கட்சிக்காரர் என்பதைக் காட்டி அந்தக் குடியுரிமையைப் பறிக்க அரசு வழக்குத் தொடுத்தது. பெரும்பான்மை நீதிபதிகள் அவரைக் காப்பாற்றினார்கள். பறிக்கலாம் என்ற மூவரில் ஃபிராங்ஃபர்ட்டர் ஒருவர். அந்த வழக்கைப் பற்றி நீதிபதிகள் கதவடைத்துப் பேசியபோது அவர் சொன்னது பின்னாளில் அவருடைய நாட்குறிப்பின் வழியே வெளியே வந்தது. தம் தந்தை குடியுரிமை பெறக் காத்திருந்த மாதங்களில் வீட்டில் அது எத்தனை பெரிய காரியமாக இருந்தது என்பதை நினைவூட்டி, புதிதாக மதம் மாறியவருக்குத்தான் பக்தி அதிகம் என்பதை உவமையாகக் காட்டி, உங்களில் யாருக்கும் இல்லாத அனுபவம் எனக்கு உண்டு என்று சக நீதிபதிகளிடம் அவர் பேசினார். குடியுரிமை அவருக்கு ஒரு தீட்சை. அதைப் பெற்றுக்கொண்டு அரைமனத்தோடு இருப்பவரை அவரால் மன்னிக்க முடியவில்லை. அன்றைய இரண்டாவது தீர்ப்பு, ஜப்பானிய வம்சாவளியினர் மீது மட்டும் விதிக்கப்பட்ட ஊரடங்கு செல்லும் என்ற ஹிரபயாஷி வழக்கு. அதில் நீதிமன்றம் ஒருமனதாக இருந்தது என்பதால் அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. ஆனால் 1944 டிசம்பரில், அதே மக்களை வீடுகளிலிருந்து வெளியேற்றியதை ஆதரித்த கொரெமாட்சு தீர்ப்பில் மூவர் மாறுபட்டார்கள். ஃபிராங்ஃபர்ட்டர் பெரும்பான்மையோடு இருந்ததோடு, தனியே ஓர் ஆதரவுத் தீர்ப்பும் எழுதினார்.

சட்டம் அறிந்தவர்கள் இங்கே ஒரு மறுப்பை எழுப்புவார்கள். அது வலுவான மறுப்பு. ஃபிராங்ஃபர்ட்டரின் நிலைப்பாட்டுக்கு அவர் பிறப்பில் காரணம் தேட வேண்டியதில்லை, ஹார்வர்டில் அவர் கற்ற சட்டக் கோட்பாட்டிலேயே அது இருக்கிறது என்பார்கள். மக்கள் தேர்ந்தெடுத்த சட்டமன்றம் செய்ததை நீதிபதிகள் தொட்டதற்கெல்லாம் கவிழ்க்கக் கூடாது என்ற தன்னடக்கக் கொள்கையை ஜேம்ஸ் பிராட்லி தேயரும் நீதிபதி ஹோம்ஸும் வகுத்தார்கள். இருவரும் மாசசூசெட்ஸின் பழங்குடும்பத்து மனிதர்கள், குடியேறிகள் இல்லை. இது உண்மைதான். அந்தக் கொள்கையில் அவர் ஆழமாக ஊறியவர் என்பதிலும் ஐயமில்லை. ஆனால் கொள்கை மட்டுமே காரணம் என்றால் எல்லா இடத்திலும் ஒரே அளவில் அடங்கியிருக்க வேண்டும். அப்படி அவர் இருக்கவில்லை. 1947இல் எவர்சன் வழக்கில், மதப் பள்ளிப் பிள்ளைகளின் பேருந்துச் செலவை அரசுப் பணத்திலிருந்து தரும் ஏற்பாட்டை நீதிமன்றம் ஏற்றபோது அவர் மாறுபட்டவர்களோடு சேர்ந்தார். மறு ஆண்டு மெக்காலம் வழக்கில், அரசுப் பள்ளிக் கட்டடத்துக்குள் மத வகுப்பு நடத்துவதைச் செல்லாததாக்கியதற்கு ஆதரவாகத் தனியே எழுதினார். பலவகை மக்களை ஒரே நாட்டவராக்கும் ஆற்றல் பொதுப் பள்ளிக்குத்தான் உண்டு, அங்கே பிரிவினை நுழையக் கூடாது என்பது அவருடைய வாதம். இங்கெல்லாம் உள்ளூர் அதிகாரிகள் எடுத்த முடிவுக்கு அவர் பணியவில்லை. கொடி வழக்குகளில் பள்ளி நிர்வாகத்துக்கு விட்டுக்கொடுத்தவர், இந்த வழக்குகளில் அரசுக்கு எதிராக நின்றார். இரண்டையும் ஒரே நூலில் கோப்பது தன்னடக்கக் கொள்கை இல்லை. மிஸ் ஹோகனின் வகுப்பறைதான். எல்லா இனத்துப் பிள்ளைகளையும் ஒன்றாக்கும் அந்தப் பள்ளிக்கு எது வலுச் சேர்க்கிறதோ அதை அவர் ஆதரித்தார், எது ஊறு செய்யும் என்று நினைத்தாரோ அதை எதிர்த்தார்.

போர்க்காலப் பதற்றத்தைக் காரணம் காட்டுவோரும் உண்டு. டன்கர்க் கடற்கரையிலிருந்து பிரிட்டிஷ் படை தப்பி ஓடிக்கொண்டிருந்த வாரத்தில் வந்த தீர்ப்பு கோபிட்டிஸ், ஆகவே அது சூழலின் விளைவு என்பார்கள். எட்டுப் பேர் அன்று ஒன்றாக நின்றதற்கு இது நல்ல விளக்கம். ஆனால் 1943இல் அமெரிக்காவே போரில் இறங்கி, பிள்ளைகள் களத்தில் மடிந்துகொண்டிருந்தபோது மற்றவர்களில் மூவர் மனம் மாறினார்கள், இவர் மாறவில்லை. அதை விளக்கப் போர் போதாது.

மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் அந்த மனிதருக்கு நாம் அநீதி இழைத்தவர்களாவோம். ஷ்னைடர்மன் தீர்ப்புக்கு அடுத்த ஆண்டே பாம்கார்ட்னர் என்ற ஜெர்மானியக் குடியேறியின் வழக்கு வந்தது. ஹிட்லரைப் புகழ்ந்து பேசினார் என்பதற்காக அவருடைய குடியுரிமையைப் பறிக்க அரசு முயன்றது. பேச்சு எவ்வளவு கசப்பானதாக இருந்தாலும், உறுதிமொழி எடுத்த நாளில் அவர் பொய் சொன்னார் என்பதற்கு இது போதிய ஆதாரமாகாது என்று ஒருமனதான நீதிமன்றத்துக்காக ஃபிராங்ஃபர்ட்டரே எழுதினார். ஒரு யூதர், போர் உச்சத்தில், ஹிட்லரைப் போற்றியவரின் குடியுரிமையைக் காத்தார். இதைவிடக் கடினமான நேர்மை ஒரு நீதிபதிக்கு வாய்ப்பதரிது. அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றியவரை மணந்து வந்த எலன் நாஃப் என்ற பெண்ணை, காரணம்கூடச் சொல்லாமல், விசாரணையும் இல்லாமல் எல்லிஸ் தீவில் நிறுத்தித் திருப்பியனுப்ப அரசு முனைந்தபோது 1950இல் அவர் மாறுபட்டார். 1953இல் அதே தீவில் எந்த நாடும் ஏற்காமல் சிக்கிக்கிடந்த மெசெய் என்பவரின் வழக்கில் ஜாக்சனின் மாறுபட்ட தீர்ப்பில் கையெழுத்திட்டார். ஆனால் 1954இல், 1918 முதல் அமெரிக்காவிலேயே வாழ்ந்த ஒரு மெக்சிகோக்காரரை முன்னாள் கம்யூனிஸ்ட் உறுப்பினர் என்பதற்காக நாடு கடத்தலாம் என்ற கால்வன் தீர்ப்பையும் அவரே எழுதினார். சட்டத்தின் கடுமையை அறிந்தே, யாரை வைத்துக்கொள்வது யாரை அனுப்புவது என்பது நாடாளுமன்றத்தின் வேலை என்று ஒதுங்கினார். இந்த வழக்குகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரிகிறது. ஒருவரை விசாரிக்காமல் தண்டிப்பதை அவரால் பொறுக்க முடியாது. ஜப்பானிய வம்சாவளியினர் வழக்குகள் நீங்கலாக, சாக்கோ, வன்செட்டி காலத்திலிருந்து அதில் அவர் பெரிதாக அசையவில்லை. முறையாக விசாரித்த பின் சட்டம் என்ன சொன்னாலும், அது எவ்வளவு கொடியதாக இருந்தாலும், பொறுத்துக்கொள்வார். நேர்மையான நடைமுறை இருந்தால் போதும், திறமையுள்ளவன் மேலேறிவிடுவான் என்பது அவர் வாழ்க்கை அவருக்குக் கற்பித்த பாடம். கட்டணமில்லாத கல்லூரியும் திறமையை மதித்த ஹார்வர்டும் அவருக்கு அப்படித்தான் வாசல் திறந்தன.

இந்தப் பாடம் இந்தியாவையும் வந்து தொட்டது. நம் அரசமைப்பை எழுதும் வேலை நடந்துகொண்டிருந்தபோது, அதன் ஆலோசகர் பி.என். ராவ் 1947 இறுதியில் அமெரிக்கா சென்று ஃபிராங்ஃபர்ட்டரைச் சந்தித்தார். ஒருவரின் உரிமையைப் பறிக்கும் சட்டமும் நடைமுறையும் நியாயமானவையாக இருக்க வேண்டும் என்ற, ட்யூ ப்ராசஸ் என்று வழக்கறிஞர்கள் சொல்லும் நெறியை அரசமைப்பில் எழுதி வைத்தால், மக்கள் பிரதிநிதிகள் இயற்றிய சட்டத்தைச் சில நீதிபதிகள் வீட்டோ செய்யும் நிலை வரும், அது ஜனநாயகத்துக்கு ஒவ்வாது, நீதித்துறைக்கும் தாங்க முடியாத சுமை என்று அவர் ராவிடம் சொன்னார். இந்த அறிவுரைக்குப் பின்னால் ஒரு பழைய காயம் இருந்தது. வாஷிங்டனில் வேலை பார்த்த பெண்களுக்குக் குறைந்தபட்சக் கூலி வகுத்த சட்டத்துக்காக 1923இல் உச்ச நீதிமன்றத்தில் வாதாடியவர் ஃபிராங்ஃபர்ட்டர். ட்யூ ப்ராசஸைக் காட்டியே நீதிமன்றம் அந்தச் சட்டத்தைச் செல்லாததாக்கியது. தீர்ப்பை எழுதியவர் ஜார்ஜ் சதர்லாந்து. அவரும் குடியேறிதான், இங்கிலாந்தில் பிறந்து குழந்தைப் பருவத்தில் அமெரிக்கா வந்தவர். அதற்கு இரண்டு மாதம் முன்பு, முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையில் பணியாற்றிய பஞ்சாபியரான பகத் சிங் திண்ட் வெள்ளையர் இல்லை என்பதால் குடியுரிமைக்குத் தகுதியற்றவர் என்று எழுதியவரும் இதே சதர்லாந்து. குடியேறியவர் குடியேறியவருக்குக் கதவைச் சாத்தியதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ராவ் திரும்பி வந்தார். 1948 பிப்ரவரியில் வெளியான வரைவில் ட்யூ ப்ராசஸ் இல்லை. சட்டத்தால் நிறுவப்பட்ட நெறிமுறை என்ற ஜப்பானிய அரசமைப்பின் வாசகம் அந்த இடத்தில் இருந்தது. சென்னையின் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் அவையில் அதை ஆதரித்தார், கே.எம். முன்ஷி எதிர்த்தார். அதன் விலையை முதலில் கொடுத்தவர் மலபாரின் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன். தடுப்புக் காவல் சட்டத்தின்படி அடைக்கப்பட்ட அவர் சென்னை மாநில அரசை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். சட்டம் இருக்கிறது, அதன்படி நடந்திருக்கிறார்கள், அந்தச் சட்டம் நியாயமானதா என்று நாங்கள் கேட்க முடியாது என்று 1950 மே 19இல் பெரும்பான்மை நீதிபதிகள் கைவிரித்தார்கள். ஃபஸல் அலி மாறுபட்டார். 1978இல் மேனகா காந்தி வழக்கில்தான், நெறிமுறை என்றால் அது நியாயமானதாகவும் இருக்க வேண்டும் என்ற நிலைக்கு நம் நீதிமன்றம் வந்தது. 28 ஆண்டு. இதன் முழுப் பழியையும் ஃபிராங்ஃபர்ட்டர் மேல் போடுவது தவறு. பிரிவினைக் கலவரங்களின் நடுவே தடுப்புக் காவல் அதிகாரத்தை விட்டுவிட நம் தலைவர்களுக்கே மனமில்லை, அவருடைய சொல் அவர்களுக்கு வசதியாக அமைந்தது. ஆனாலும் சட்டமன்றத்தின் நல்லெண்ணத்தில் அவர் வைத்திருந்த நம்பிக்கை, அங்கே வாசல் திறந்தவனின் நம்பிக்கை. வெளியே நிறுத்தப்பட்டவனுக்கு அது கைகொடுக்காது. கொடிப் பிரச்சினையும் நம்மிடம் வந்தது. தேசிய கீதத்தின்போது மரியாதையாக எழுந்து நின்று, ஆனால் பாடாமல் இருந்ததற்காகக் கேரளப் பள்ளி ஒன்றிலிருந்து நீக்கப்பட்ட யெகோவாவின் சாட்சிகள் பிள்ளைகள் மூவரின் வழக்கில், 1986இல் நீதிபதி சின்னப்ப ரெட்டி அமெரிக்கத் தீர்ப்புகளையும் எடுத்துப் பார்த்தார். பிள்ளைகளைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள உத்தரவிட்டார். பார்னெட் வழி, கோபிட்டிஸ் வழியன்று.

கடைசியாக ஒரு மறுப்பு. எனக்கே இதுதான் பெரிதாகப் படுகிறது. ஒரு நீதிபதியின் தீர்ப்புகளை அவர் பிறந்த ஊரோடும் வந்த கப்பலோடும் முடிச்சுப் போடுவது, 1939இல் செனட் குழுவின் முன் நின்று அவர் பிறப்பைத் தூற்றினார்களே, அவர்கள் செய்த அதே வேலை அல்லவா? பிறப்பைக் காட்டி ஒருவருக்குப் பதவியை மறுப்பது வேறு, எழுதி முடித்த தீர்ப்புகளில் ஒரு வாழ்க்கையின் தடத்தைத் தேடுவது வேறு என்பது என் பதில். முதலாவது, ஆளைப் பார்க்கும் முன்பே முடிவு கட்டுகிறது. அதனால்தான் அது பிழையாகவும் போனது. அவர் நாட்டுப்பற்றைச் சந்தேகித்தவர்கள் கண்ட மனிதர், அந்தப் பற்றின் மிகுதியால் தவறியவர். இரண்டாவது, தீர்ப்பைப் படித்த பின்பே வாயைத் திறக்கிறது. அதோடு இந்த ஆய்வைத் தொடங்கி வைத்தவர் ஃபிராங்ஃபர்ட்டரேதான். தம் பிறப்பைத் தீர்ப்பின் முதல் வாக்கியத்தில் அவரே அச்சிட்டார். அதைச் சான்றாக வைத்து, தம் உணர்வுக்கு எதிராகவே தீர்ப்பளிப்பதாக நம்மை நம்பச் சொன்னார். அவர் மனமார அப்படி நம்பினார் என்பதை நான் ஏற்கிறேன். ஆனால் பள்ளியையும் கொடியையும் பற்றிய வழக்கில் அவருக்கு இருந்தது சிறுபான்மையினரின் உணர்வு ஒன்றுதானா? பள்ளியால் உருவான குடியேறியின் உணர்வும் இருந்தது. முன்னதை அவர் கண்டார், கட்டிப்போட்டார். பின்னதை உணர்வு என்றே அவர் அறியவில்லை. அதைத் தேசத்தின் நலன் என்று எண்ணினார். ஆகவே குடியேறி வந்த ஒருவர் நீதிபதியாகப் போகும்போது, உமக்கு வெளியாளின் மேல் பரிவு உண்டா என்று கேட்பதில் பெரிய பயனில்லை. எந்த நிறுவனம் உம்மை ஆளாக்கியது, அது தவறு செய்தால் உம்மால் பார்க்க முடியுமா என்று கேட்க வேண்டும். இந்த மண்ணிலேயே பிறந்தவரிடமும் அதையே கேட்க வேண்டும்.